அதே இடத்தில் ஒரு திருத்தம்

கருங்கொடித் தோட்டம், மேல்கணக்கு,
அக்கரப்பத்தனை.
8-9-1963

அன்புள்ள ரஞ்சிதம் தாயிக்கு,

எழுத்து மேடும் பள்ளமுமாக இருக்கிறது. நாலாம் நம்பர் மலையில் ஏறி இறங்குவதாக நினைத்துக்கொண்டு வாசி, கோபித்துக்கொள்ளாதே. நாற்பத்திரண்டு வருடம் கவ்வாத்துக் கத்தி பிடித்த கை. தேயிலைச் செடியை வெட்டுகிற மாதிரியே பேனாவையும் அமுக்கிவிடுகிறேன். இந்தத் தாளில் இரண்டு இடத்தில் ஓட்டை இருக்கும். எலி கடித்ததல்ல, நான்தான்.

யார் எழுதிக் கொடுத்தது என்று யோசிக்கிறாயா? யாரும் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காம்பரா பழனியாண்டி நானே எழுதுகிறேன். வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு எழுதவும் வருகிறது, வாசிக்கவும் வருகிறது. உன் அம்மா பேச்சியம்மா சுவருக்கு அந்தப் பக்கம் ரொட்டி தட்டிக்கொண்டே, "என்ன மாமா, தனியா பேசுறீங்க?" என்று கேட்கிறாள். "தனியா இல்ல, ஒம் மககிட்டதான் பேசுறேன்" என்றேன். சிரிக்கிறாள். நம்பவில்லை.

ஆகஸ்ட் லீவில் நீ வந்தபோதே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அப்போது எனக்கு 'ழ' வரவில்லை. என் பெயரில் ஒரு ழ இருக்கிறது, மகன் பெயரிலும் ஒன்று இருக்கிறது. அது வராமல் எழுதத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? நல்லமுத்து வாத்தியார் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறார். ஒன்பது பேர் சேர்ந்தோம். இப்போது மிச்சம் நான் ஒருவன். மற்ற எட்டுப் பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இடுப்பு வலிக்கிறது. ஒரு ஆளுக்காக வாத்தியார் மணி அடித்துத் தொடங்கி, மணி அடித்து முடிக்கிறார்.

இப்போது எதைக் கண்டாலும் வாசிக்கிறேன். மாவு மூட்டை, தீப்பெட்டி, தைலப் போத்தல் எதையும் விடுவதில்லை. தோட்டத்து ஆபீஸ் கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது' என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருடம் அது தெரியாமல் உள்ளே போய் வந்திருக்கிறேன். இனிமேல் வாசலில் நிற்க வேண்டும். படிப்பினால் வந்த முதல் நட்டம்.

உன் பள்ளிக்கூடப் பத்திரிகைக்குத் தோட்டத்துச் செய்தி வேண்டுமென்று லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனாய் அல்லவா? இதோ ஒன்று. சென்ற செவ்வாய்க்கிழமை, மலையில் எங்களை வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவின் தொப்பியைக் காற்று கொண்டுபோய்விட்டது. நாலு ஆளை வேலையிலிருந்து எடுத்துத் தேட அனுப்பினார். மூன்றாம் நாள் மாயாண்டியின் கீரைப் பாத்தியில் கிடைத்தது. அதற்குள் மாயாண்டியின் கோழி அந்தத் தொப்பியில் இரண்டு முட்டை இட்டிருந்தது. தொப்பி என்னுடையது, ஆகையால் முட்டையும் என்னுடையது என்கிறார் கண்டாக்கு. மாயாண்டி கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "தொப்பி ஒங்களுதுதாங்க ஐயா. முட்டை தொப்பியில இருந்து வந்திச்சா, கோழியில இருந்து வந்திச்சான்னு மட்டும் சொல்லிருங்க." கண்டாக்கு தொப்பியை மட்டும் தட்டிப் போட்டுக்கொண்டு போனார்.

இன்னொன்று. என் தகரப்பெட்டியில் இருபது கடிதம் இருக்கிறது. ஆயுசில் எனக்கு வந்தது அவ்வளவுதான். எல்லாம் மற்றவர்கள் படித்துச் சொல்லிக் கேட்டது. இனி ஒவ்வொன்றாக நானே வாசிக்கப்போகிறேன். ஆக அடியில் இருப்பது மகன் அழகுமுத்து போட்ட கார்டு. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நின்று வாசித்தாயே, அதேதான். அதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ருசியான பலகாரத்தைக் கடைசியில்தானே தின்போம்.

விரல் மரத்துவிட்டது. ஊதி ஊதி வைத்துக்கொள்கிறேன்.

எழுதியது பழனியாண்டி. நானேதான்.


ஹட்டன்,
12-9-1963

அன்புள்ள தாத்தா,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். விடுதிக்கு என்னைப் பார்க்க வந்த சித்தி என் கையிலிருந்து பறித்து அவளும் வாசித்தாள். "பழனியாண்டி மாமாவா? சத்தியமா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

எங்கள் பத்திரிகையின் பெயர் 'பெரட்டு'. காலையில் தோட்டத்தில் எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற மாதிரி, பள்ளிக்கூடத்தில் நடப்பதையெல்லாம் வரிசையில் நிறுத்திக் கூப்பிடுகிறோம் என்று நான் வைத்த பெயர். என் வகுப்புத் தோழி, பத்திரிகையின் உதவி ஆசிரியை ஜெயலெட்சுமிக்கு அது பிடிக்கவில்லை. அவள் அப்பா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். "கலைமலர்னு அழகா வைக்கலாமேடி, தேயிலைக் கொழுந்து வாசம் அடிக்குது இதுல" என்றாள். ஒரே ஒரு தாள்தான். அச்சு கிடையாது. நான்கு பிரதி கையால் எழுதி, ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். போன இதழில் விடுதிச் சாம்பாரில் பருப்பைக் காணவில்லை, கண்டவர்கள் தகவல் தரவும் என்று எழுதியதற்கு, சமையல்காரர் எனக்கு மட்டும் ஒரு கரண்டி பருப்பைத் தனியாக அனுப்பிவைத்தார்.

இந்த வாரம் உங்கள் தொப்பிதான் முதல் பக்கம். 'எமது தோட்ட நிருபர் பழனியாண்டி' என்று பெரிய எழுத்தில் போட்டேன். பலகைக்கு முன்னால் ஒரே நெரிசல். "இதெல்லாம் ஒரு செய்தியாடி?" என்று கேட்ட ஜெயலெட்சுமி, மூன்றாவது பிரதியைத் தானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். எங்களுக்குப் பொறுப்பான மயில்வாகனம் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், சிரிக்கவே மாட்டார். அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "உந்த மனுசன் ஆர்? உங்களெல்லாரையும் விட நல்லா எழுதுறார்" என்றார்.

இன்னும் அனுப்புங்கள் தாத்தா.

பெட்டியில் இருக்கும் கடிதங்களைப் பற்றி. அவசரம் வேண்டாம். அச்சு எழுத்து வேறு, கையெழுத்து வேறு. கண்ணுக்குக் கஷ்டம். டிசம்பர் லீவில் நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். அதிலும் அந்தக் கார்டு பென்சிலால் எழுதியது, மங்கிப் போயிருக்கும். நான் வரும்வரை அதை எடுக்க வேண்டாம்.

உங்கள் ரஞ்சிதம்.


கருங்கொடித் தோட்டம்,
22-9-1963

அன்புள்ள ரஞ்சிதம் தாயிக்கு,

போன ஞாயிறு எழுதவில்லை. நீ அனுப்பிய 'பெரட்டு' வந்த நாளிலிருந்து என் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவ்வாத்துக் கணக்கில், சம்பளச் செக்ரோலில், ஆஸ்பத்திரிச் சீட்டில் எல்லாம் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். நான் பார்த்து வாசித்தது இதுதான் முதல்.

கொழுந்து நிறுத்து முடிந்ததும் மடுவத்தில் நின்று எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். பெண்டுகள் கூடையை இறக்காமலே நின்று கேட்டார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வாசிப்பதால், சிரிப்பு வருகிற இடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் சிரித்து முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் மாயாண்டி சண்டைக்கு வந்துவிட்டான். "முட்டை ஒண்ணுதானே அண்ணே! ரெண்டுன்னு போட்டுட்டீங்க. இன்னொண்ணை நான் ஒளிச்சு வச்சிருக்கேன்னு கண்டாக்கு கேக்குறாரு!" உண்மைதான். எனக்கு 'ஒன்று' எழுதக் கடினமாக இருந்தது. 'இரண்டு' சுலபமாக வந்தது. எழுதிவிட்டேன். தயவுசெய்து முட்டை ஒன்றுதான் என்று போட்டுவிடு. இல்லாவிட்டால் அவன் கோழிக்கு ஆபத்து.

இனி முக்கியமான விஷயம். தீபாவளி அன்று அந்தக் கார்டை மடுவத்தில் நானே எல்லோருக்கும் வாசிக்கப்போகிறேன். சொல்லியும்விட்டேன். உனக்கு அந்த நாள் நினைவிருக்கிறதா? அழகுமுத்து கவ்வாத்துக் கத்தியைப் போட்டுவிட்டுக் கொழும்புக்குப் போகிறேன் என்று நின்றான். "போனா அப்படியே போயிரு, எம் மூஞ்சியில முழிக்காத" என்று சொன்னேன். போய்விட்டான். நாலு மாதம் ஒரு தகவலும் இல்லை. அவனைப் பெற்ற அம்மாக்கண்ணு சோற்றை ஒதுக்கி ஒதுக்கி, கடைசியில் நாலு நாளாகப் பச்சைத் தண்ணீர்தான். அந்த நேரத்தில்தான் கார்டு வந்தது. உனக்குப் பத்து வயது. பலகைமேல் ஏற்றி நிறுத்தினோம். கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போகிறான், சம்பாதித்த பிறகு எழுதுவான், அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்று நீ வாசித்தாய். அம்மாக்கண்ணு அங்கேயே ஒரு ரொட்டி வாங்கித் தின்றாள். நான் மடுவம் முழுக்கச் சீனி கொடுத்தேன்.

மற்றதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தக் கார்டில் ஒரே ஒரு வரியை என் கண்ணால் பார்க்க வேண்டும். 'அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை.' ஆறு வருடமாக அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். கார்டில் கண்டதும் அடையாளம் தெரியவேண்டும் என்று சிலேட்டில் தினமும் அந்த வரியை எழுதிப் பழகுகிறேன். இப்போது கோணாமல் வருகிறது. அவன் விலாசம் என்றைக்காவது கிடைத்தால், நான் எழுதுகிற முதல் வரியும், அப்பா என்பதை மட்டும் மாற்றி, அதுவாகத்தான் இருக்கும்.

நீயும் தீபாவளிக்கு வந்து கேள். இந்தத் தடவை சீனி உனக்கு இரண்டு பங்கு.

பழனியாண்டி


ஹட்டன்,
26-9-1963

அன்புள்ள தாத்தா,

முட்டை ஒன்றுதான் என்று போட்டாயிற்று.

அதற்கே ஒரு வழக்கு நடந்தது. கடைசி மூலையில் பொடி எழுத்தில் போட்டால் போதும் என்று ஜெயலெட்சுமியும் நானும் முடிவு செய்தோம். மயில்வாகனம் மாஸ்டர் தாளைக் கிழித்துப்போட்டார். "பிழையைப் பெரிய எழுத்திலை போட்டிட்டு, திருத்தத்தைச் சின்ன எழுத்திலை போடுறதோ? பிழை எந்த இடத்திலை வந்ததோ அந்த இடத்திலை, அதே எழுத்திலை திருத்தம் வரவேணும். அதுதான் மரியாதை. அப்பிடிச் செய்யேலாதெண்டால் பத்திரிகை வேண்டாம்." நான்கு பிரதியையும் திரும்ப எழுதினோம். முதல் பக்கத்தில், தொப்பி இருந்த அதே இடத்தில், 'முட்டை ஒன்றுதான்' என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மாயாண்டி சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

தாத்தா, ஒரு உதவி. பள்ளிக்கூடத்தில் பழைய தபால் அட்டைகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்துகிறோம். அந்தக் கார்டை எனக்கு அனுப்பிவைக்க முடியுமா? உடனே அனுப்பினால் நல்லது. தீபாவளிக்கு முன் அனுப்ப வேண்டும். பத்திரமாகத் திருப்பித் தருவேன்.

தீபாவளிக்கு அதை வாசிக்க வேண்டாம். வேறு ஏதாவது வாசியுங்கள். நான் நல்லதாக ஒன்று எழுதி அனுப்புகிறேன். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தில் அடித்து எழுதியிருக்கும் இடங்களைப் பார்த்து எதுவும் நினைக்காதீர்கள். பேனா சரியில்லை.

ரஞ்சிதம்.


கருங்கொடித் தோட்டம்,
5-10-1963

அன்புள்ள ரஞ்சிதம் தாயிக்கு,

கார்டைத் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. அம்மாக்கண்ணு போனபோது அவள் தலைமாட்டில் இருந்த கார்டு அது. தபாலில் எங்காவது விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? கண்காட்சிக்கு வேறு இரண்டு அட்டை வைத்திருக்கிறேன். ஒன்று கூட்டுறவுக் கடையிலிருந்து வந்தது. அரிசி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும்.

பத்தொன்பது கடிதத்தையும் வாசித்து முடித்துவிட்டேன். ஒரு வேடிக்கை கேள். பூண்டுலோயாவில் இருக்கிற என் மச்சான் மூக்கன் பன்னிரண்டு வருடத்துக்கு முன் போட்ட கடிதம். அன்றைக்கு நம் பழைய கணக்கப்பிள்ளை அதை வாசித்து, "மச்சானுக்கு மூக்கனின் பணிவான வணக்கம், கல்யாணத்துக்கு வராததற்கு வருத்தம்" என்று சொன்னார். நானும் மனம் குளிர்ந்து அடுத்த பஸ்சில் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போது நானே வாசித்தால், 'கஞ்சப்பயலே, உன் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன்' என்று எழுதியிருக்கிறான்! கஞ்சப்பயல் நான்தான். திட்டிக் கடிதம் போட்டவன் வீட்டுக்குப் பலகாரத்தோடு போய் நின்றிருக்கிறேன். அதனால்தான் மூக்கன் அன்றைக்கு அப்படி முழித்தான். பிறகு நாங்கள் இரண்டு பேரும் நன்றாகத்தானே இருந்தோம். மடுவத்தில் இருபது பேர் சுற்றி நிற்கும்போது, ஒருவன் குடும்ப வசவை எந்த மனிதன் உரக்க வாசிப்பான்? கணக்கப்பிள்ளை செத்துப்போனார். இருந்தால் ஒரு கும்பிடு போடுவேன்.

நேற்று கார்டைக் கையில் எடுத்தேன். முதல் வரி மட்டும் கண்ணில் பட்டுவிட்டது. 'பழனியாண்டி அவர்களுக்கு' என்று இருக்கிறது. அப்பாவுக்கு யாராவது பெயர் போட்டு எழுதுவார்களா? கொழும்பு மரியாதை போலிருக்கிறது. சிரித்துக்கொண்டு திருப்பி வைத்துவிட்டேன். இன்னும் பதினொரு நாள்தானே.

உன் எழுத்து இந்தத் தடவை என் எழுத்தைவிட மோசம். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

பழனியாண்டி


ஹட்டன்,
9-10-1963

தாத்தா,

இதைத் தனியாக இருந்து வாசியுங்கள். மடுவத்தில் வாசிக்க வேண்டாம். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

அந்தக் கார்டு அழகுமுத்து மாமா எழுதியது அல்ல.

நான் ஐந்தாம் வகுப்பு. லயத்தில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று எல்லோரும் கொண்டாடினார்கள். தடுமாறாமல் வாசிக்க வேண்டும் என்பதற்காக எந்தக் கடிதத்தையும் முதலில் மனதுக்குள் ஒருமுறை ஓட்டிக்கொள்வேன். அன்றும் அப்படித்தான் செய்தேன். ஐந்து வரிதான். அதில் ஒரு வார்த்தையைச் சரித்திரப் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன். ராஜாக்களுக்குத்தான் அது வரும் என்று நினைத்திருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு நின்றீர்கள். "வாசி தாயி, எம்மவன் என்னா சொல்றான்?" என்று கேட்டீர்கள். அம்மாக்கண்ணு அம்மாயி தூணைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டானான்னு போட்டிருக்கானா, அதை மொதல்ல பாரு" என்றார்.

நான் கார்டைப் பார்த்து வாசிக்கவில்லை தாத்தா. உங்கள் இரண்டு பேர் முகத்தைப் பார்த்து வாசித்தேன். கப்பல், இந்தியா, கோபம் இல்லை என்றது, எல்லாம் என் வாயில் வந்தது. அம்மாயி ரொட்டி தின்பதைப் பார்த்தபோது நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். நீங்கள் என் கையில் சீனி வைத்தீர்கள். தின்றேன்.

மறுநாள் உங்களிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று வந்தேன். நீங்கள் இரண்டு பேரும் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். திரும்பிவிட்டேன். அடுத்த வருடம் அம்மாயியும் போய்விட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லாமல் விட்டது முதல் நாள் பொய்யைவிடப் பெரிதாகிவிட்டது. என் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

கார்டில் இருப்பது இதுதான். எனக்கு மனப்பாடம்.

'பழனியாண்டி அவர்களுக்கு. எமது சாப்பாட்டுக் கடையில் வேலை செய்த உங்கள் மகன் அழகுமுத்து சென்ற வெள்ளிக்கிழமை காய்ச்சலினால் காலமானார். உங்கள் விலாசம் பிந்திக் கிடைத்ததால் அடக்கத்தை நாங்களே செய்துவிட்டோம். அவருடைய பெட்டி எம்மிடம் இருக்கிறது. வந்து பெற்றுக்கொள்ளவும். இப்படிக்கு, கந்தப்பன், ஆமர் வீதி, கொழும்பு.'

பலகாரத்தோடு மூக்கன் வீட்டுக்குப் போன கதையை நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்துவிட்டு, இப்படியே விட்டுவிடலாமோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் நீங்கள் தீபாவளியன்று எல்லோர் முன்னாலும் நின்று, அந்த வரியைத் தேடித் தேடி இந்த வரியை வாசிப்பீர்களே. அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முட்டைக்குத் திருத்தம் போட்டேன். இதற்குப் போடாமல் ஆறு வருடம் இருந்துவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் வருகிறேன். அதே மடுவத்தில், அதே பலகைமேல் ஏறி, நான் பொய் வாசித்தேன் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். அதன் பிறகு நீங்கள் என்னோடு பேச வேண்டாம் என்றால் பேசமாட்டேன்.

ரஞ்சிதம்.


கருங்கொடித் தோட்டம்,
13-10-1963

ரஞ்சிதம் தாயிக்கு,

எழுத்து முதல் கடிதத்தைவிடக் கோணலாக இருக்கும். நேற்றிலிருந்து எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. கனமாக இருந்தது. பெரிய வேடிக்கை ஏதோ எழுதியிருக்கிறாய் என்று சந்தோஷமாகப் பிரித்தேன். தனியாக என்று நீ போட்டிருந்ததால் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஆனால் எனக்கு வாயால் சொல்லாமல் வாசிக்க வராதே. அதை நீ மறந்துவிட்டாய். நானும் மறந்துவிட்டேன்.

என் வாய்தான் முதலில் வாசிக்கிறது. பொருள் பிறகு நடந்து வருகிறது. கா, ல, மா, னா, ர் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினேன். கூட்டிச் சொல்லிவிட்டு, அடக்கத்தை நாங்களே என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் உன் அம்மா, "ஐயோ மாமா, நிறுத்துங்க மாமா" என்று அலறினாள். அவள் அழுத பிறகுதான் நான் எதை வாசித்தேன் என்று எனக்கு விளங்கியது.

உன்மேல் கோபம் வந்தது. இல்லை என்று எழுதினால் அது பொய். ஆறு தீபாவளிக்கு அவனுக்கு வேட்டி எடுத்து வைத்திருக்கிறேன். செத்தவனுக்கு ஒரு விளக்கு ஏற்றவில்லை, தலை முழுகவில்லை. இந்தியாவில் ஊருக்குப் போகிறவர்களிடமெல்லாம் அவனைக் கண்டால் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவனைப் பெற்றவள் அவனுக்காக அழாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். நீ எதிரில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஹட்டன் தூரமாக இருந்தது நல்லதாகப் போயிற்று. ஒரு பிள்ளையைப் பார்த்து வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பியவன்தானே நான்.

பிறகு பெட்டியைத் திறந்து கார்டை எடுத்தேன். நீ சொன்னது எல்லாம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் அந்த வரியைத் தேடினேன். முன்னால் தேடினேன், பின்னால் தேடினேன், விலாசம் எழுதுகிற பக்கத்திலும் தேடினேன். கோபம் என்ற சொல்லே அதில் இல்லை. அவனுக்குக் கோபம் இருந்ததா, தீர்ந்ததா, யாருக்கும் தெரியாது. படிப்பினால் வந்த நட்டம் என்று முன்பு விளையாட்டாக எழுதினேன். நட்டம் என்றால் இதுதான்.

நேற்று சனிக்கிழமை, கொழுந்து நிறுத்து முடியும் நேரத்தில் மடுவத்துக்குப் போனேன். பலகைமேல் மாயாண்டி பிடித்து ஏற்றிவிட்டான். கார்டை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். முன்பு நான் தடுமாறினால் யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். நேற்று ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வெகுநேரம் ஆயிற்று. கூடைகளை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். கந்தப்பன், கொழும்பு என்று முடித்த பிறகுதான் பெண்டுகள் வாயைத் திறந்து அழுதார்கள். அம்மாக்கண்ணு அழாததையும் சேர்த்து அழுதார்கள்.

மாயாண்டி கேட்டான். "அன்னிக்குப் பிள்ளை ஏண்ணே மாத்திப் படிச்சிச்சு?"

"அன்னிக்குக் கேட்டுக்கிட்டு நின்னது நானுல்ல? எனக்கு என்னா வேணுமோ அதைப் பார்த்துப் படிச்சிச்சு" என்று சொன்னேன்.

அவன்தான் கையைப் பிடித்து என்னைக் கீழே இறக்கிவிட்டான்.

ஆகையால் நீ பலகைமேல் ஏற வேண்டாம். திருத்தம் வந்துவிட்டது. உங்கள் மாஸ்டர் சொன்ன மாதிரி அதே இடம், அதே எழுத்து. மனுஷன் மட்டும் வேறு.

உன் அம்மா உன்னை ஏசுவாள். ஏசட்டும், அழுதுகொண்டேதான் ஏசுவாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "பத்து வயசுப் புள்ளை இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு எங்கூடப் படுத்துக் கெடந்திருக்கே மாமா, எனக்குத் தெரியலயே." நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவன் செத்த சேதி வந்த நாளிலிருந்து, அதைத் தூக்கிக்கொண்டு நடந்தது நீ ஒருத்திதான்.

அம்மாக்கண்ணு அன்றைக்குத் தின்ற ரொட்டிக்குப் பிறகு பதினொரு மாதம் இருந்தாள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கப்பலைப் பற்றியே பேசினாள். கப்பலை அவள் கண்டதில்லை. ஆபீஸ் கட்டிடத்தைவிடப் பெரிதாக இருக்குமா என்று கேட்பாள். அந்தப் பதினொரு மாதம் சரியா பிழையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் மாஸ்டருக்கும் தெரிந்திருக்காது.

வருகிற இருபத்தாறாம் தேதி பதினாறாம் நாள். அவனுக்குக் கருமாதி செய்கிறோம். தலை மழித்துவிட்டேன், குளிர் நேராக மண்டைக்குள் இறங்குகிறது. கந்தப்பனுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா, அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டிருக்கிறேன். ஆறு வருடத்துக்குப் பிறகு கடை இருக்குமோ என்னவோ. விலாசத்தில் கொழும்பு என்று வந்தபோது அந்த 'ழு'வை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு வா. துக்க வீடு, எண்ணெய் வைக்க மாட்டோம், பலகாரமும் இல்லை. சும்மா வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போ. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் நீ புறப்படுவதற்குள் வராது. நல்லமுத்து வாத்தியார் நாளைக் காலை பஸ்சில் ஹட்டனுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டுத்தான் நீ பஸ் ஏற வேண்டும்.

சிலேட்டில் நான் எழுதிப் பழகிய வரி ஒன்று இருக்கிறது. அனுப்ப இனி விலாசம் இல்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. முதல் சொல்லை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

ரஞ்சிதம் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பார், இந்த ஒரு வரிதான் கோணாமல் வந்திருக்கிறது. இது நான் எழுதியது. யாரும் முகம் பார்த்து வாசித்துச் சொன்னதல்ல.

நீ திரும்பிப் போனபின், அடுத்த கிழமை, கொழும்பிலிருந்து பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன்.

பழனியாண்டி